வில்லைக்கு யார் பணம் கொடுப்பது?

சூப்பர் மார்க்கெட் நிறுவனங்களும் ஏற்றுமதியாளர்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களிடம் இப்போது அடிக்கடி உச்சரிக்கும் சொல் 'தடமறிதல்'. எந்த ஊரில், யாருடைய வயலில், எந்தத் தேதியில் பறித்த காய் என்பதைக் கடைசிக் கடைவரைக்கும் சொல்ல முடிய வேண்டும் என்பது அதன் பொருள். நியாயமான கோரிக்கைதான். ஆனால், அந்தச் சொல்லின் பின்னாலேயே ஒரு விற்பனையாளரும் வருகிறார். அவர் பையில் ஆர்எஃப்ஐடி வில்லைகள் ஒரு சுருளும், அதைப் படிக்கும் துப்பாக்கி போன்ற ரீடரும் இருக்கின்றன. "உலகமே இதற்கு மாறிவிட்டது, வில்லை விலையும் ரொம்பக் குறைந்துவிட்டது" என்கிறார். இரண்டிலும் பாதி உண்மை. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போட்டால், செலவு உங்கள் தலையிலும் ஆதாயம் வேறொருவர் கையிலும் போய் நிற்கும்.

இந்த வில்லையை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருக்கிறீர்கள். லாரி, கார் கண்ணாடிகளில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக் இந்த வகைதான். 2021 பிப்ரவரியிலிருந்து சுங்கச்சாவடிகளில் அது கட்டாயம். உள்ளே கடுகைவிடச் சின்னதாக ஒரு சிப், அதையொட்டி மெல்லிய அலுமினியத்தில் ஓர் ஆன்டெனா. பேட்டரி கிடையாது. ரீடர் அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே கொஞ்சம் மின்சாரம் எடுத்துக்கொண்டு, தன் எண்ணைத் திருப்பிச் சொல்லும். அதன் வேலை அவ்வளவுதான். அந்த எண் யாருடைய தோட்டத்துப் பெட்டிக்கு உரியது, என்ன மருந்து அடித்தது, எப்போது பறித்தது என்பதெல்லாம் எங்கோ ஒரு கணினியில் யாரோ உட்கார்ந்து பதிந்திருந்தால்தான் உண்டு. பதியாவிட்டால் அது விலை கூடிய ஸ்டிக்கர்.

கியூஆர் கோடும் இதே வேலையைத்தான் செய்கிறது. அச்சடிக்கச் சில பைசா போதும், கையில் இருக்கும் செல்போனே படித்துவிடும். ஒரே குறை, ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரியும்படி காட்ட வேண்டும். ஆர்எஃப்ஐடி வில்லையோ அட்டைப்பெட்டிக்குள் மறைந்திருந்தாலும் படிக்கும். ஒரு நொடியில் நூற்றுக்கணக்கில் படிக்கும். ஒரு நாளைக்குப் பல்லாயிரம் பெட்டிகள் நுழைந்து வெளியேறும் கிடங்குக்கு இந்த வேகம் பொன் போன்றது. காலையில் 200 பெட்டி ஏற்றி அனுப்பும் சேகரிப்பு மையத்துக்கு இது எந்த அளவுக்குத் தேவை என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது விலைக்கு வருவோம். கோடிக்கணக்கில் வாங்கும் அமெரிக்க நிறுவனங்களுக்கு, ஒட்டும் வகை சாதாரண வில்லை ஒன்று சுமார் 4 முதல் 10 சென்ட்வரை விழுகிறது. நம் பணத்தில் ஏறக்குறைய மூன்றரை ரூபாயிலிருந்து ஒன்பது ரூபாய். ஆயிரம், இரண்டாயிரம் என்று வாங்குகிறவர்களுக்கு இதைவிடக் கூடத்தான் இருக்கும். கையில் பிடிக்கும் ரீடர் பல பத்தாயிரங்களில் தொடங்கி லட்சத்தைத் தாண்டும். மென்பொருளுக்கு ஆண்டுச் சந்தா தனி.

கணக்குக்காக ஒரு வில்லை 6 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 15 கிலோ தக்காளிப் பெட்டி கிலோ 40 ரூபாய்க்குப் போனால் பெட்டி 600 ரூபாய்; வில்லைச் செலவு நூற்றுக்கு ஒன்று, வலிக்காது. கிலோ 8 ரூபாய்க்கு விழுந்தால் பெட்டி 120 ரூபாய். வில்லை நூற்றுக்கு ஐந்து. பறிகூலி, வண்டி வாடகை, இறக்குக்கூலி, கமிஷன் எல்லாம் போக ஒரு பெட்டிக்கு 20 ரூபாய் கையில் நின்றாலே பெரிது என்ற நாளில், அந்த 6 ரூபாய் உங்கள் மிச்சத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. தக்காளி விலை இறங்கினால் வில்லை விலை கூடவே இறங்காது. நாளைக்கு 200 பெட்டி, 100 நாள் அறுவடை என்றால் வில்லைக்கு மட்டும் 1.20 லட்சம் ரூபாய், அதுவும் ஒருமுறை ஒட்டிக் கிழித்தெறிவதற்கு.

"விலை இன்னும் குறையும், அப்போது எல்லாம் சரியாகிவிடும்" என்பது இருபது ஆண்டுக்கும் மேலாகச் சொல்லப்பட்டுவரும் பதில். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1999-ல் ஆட்டோ-ஐடி மையம் தொடங்கப்பட்டது. அதை முன்னெடுத்தவர்களில் ஒருவர் கான்பூர் ஐஐடியில் படித்த சஞ்சய் சர்மா. ஒரு வில்லையை 5 சென்ட்டுக்குக் கொண்டுவருவது அவர்களது இலக்கு. அந்த நம்பிக்கையில் 2003 ஜூனில் வால்மார்ட் ஒரு கட்டளை போட்டது: முதல் 100 பெரிய சப்ளையர்கள் 2005 ஜனவரிக்குள் பெட்டிகளிலும், பெட்டிகளை அடுக்கும் மரத்தட்டுகளிலும் வில்லை ஒட்டி அனுப்ப வேண்டும்.

அன்றைய விலை 5 சென்ட்டைப் போலப் பல மடங்கு. சப்ளையர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சரக்கு தங்கள் கிடங்கை விட்டுக் கிளம்பும் கடைசி நேரத்தில் ஒரு வில்லையை ஒட்டி லாரியில் ஏற்றினார்கள். 'ஒட்டு, அனுப்பு' என்றே அந்த முறைக்குப் பெயர் விழுந்தது. எந்தச் சரக்கு எங்கே இருக்கிறது என்ற தகவலின் ஆதாயம் வால்மார்ட்டுக்கு. ஒட்டும் செலவு சப்ளையருக்கு. தனக்குப் பயன் இல்லாத வேலையை யார் மனம் ஒப்பிச் செய்வார்கள்? 2008-ல் வால்மார்ட்டின் துணை நிறுவனமான சாம்ஸ் கிளப், வில்லையில்லாமல் வரும் அடுக்கு ஒன்றுக்கு 2 டாலர் கட்டணம் என்றுகூட அறிவித்துப் பார்த்தது. மளிகைச் சரக்கில் அந்தத் திட்டம் எழுந்திருக்கவே இல்லை.

பிழைத்தது எங்கே என்றால், துணிக்கடையில். 2010-ல் வால்மார்ட்டே ஜீன்ஸ், உள்ளாடை ஆகியவற்றில் ஒவ்வொரு உருப்படிக்கும் வில்லை போடத் தொடங்கியது. ஸாரா போன்ற ஆடை நிறுவனங்களும் இந்த வழிக்கு வந்தன. துணி உலர்ந்த பொருள். ஒரே சட்டைக்கு ஐந்து அளவு, ஆறு நிறம். வாடிக்கையாளர் கேட்கும் அளவு பின்அறையில் இருந்தும் கடைக்காரருக்குத் தெரியாமல் விற்பனை போய்விடும். அந்த இழப்பு கடையினுடையது, வில்லைச் செலவால் வரும் ஆதாயமும் கடைக்கே. வில்லை விலை குறைந்தது உதவியது, மறுக்கவில்லை. ஆனால், அதே விலை குறைவு அந்த ஆண்டுகளில் தக்காளிப் பெட்டியை ஏன் மாற்றவில்லை என்று கேட்டால், பணம் போடுபவரும் பலன் பெறுபவரும் ஒருவராக இருந்த இடத்தில்தான் இது நின்றது என்பது தெரியும்.

2025-ல் வால்மார்ட்டும், வில்லை தயாரிக்கும் ஏவரி டெனிசன் நிறுவனமும் சேர்ந்து உணவுப் பொருளுக்கு மறுபடி வந்திருக்கின்றன. அறிவித்திருக்கும் பகுதிகளைக் கவனியுங்கள்: இறைச்சி, பேக்கரி, சமைத்து வைத்த உணவு. விலை கூடியவை, காலாவதித் தேதி உள்ளவை, கெட்டுப்போனால் நட்டம் கடைக்கு. கணக்கு இங்கும் அதேதான்.

தக்காளிக்கு இன்னொரு சிக்கல், இயற்பியல் சார்ந்தது. இந்த வகை வில்லைகள் பயன்படுத்தும் ரேடியோ அலையைத் தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும், உலோகம் திருப்பி அடிக்கும். தக்காளியில் நூற்றுக்கு 90-க்கு மேல் தண்ணீர். பால் கேன், தர்பூசணி, திராட்சை எல்லாமே இந்த விஷயத்தில் தொந்தரவுதான். வில்லையைப் பெட்டியின் விளிம்பில், காயிலிருந்து விலக்கி வைத்து, ரீடரின் இடத்தையும் சரிசெய்தால் ஓரளவு சமாளிக்கலாம். விற்பனையாளர் காலிப் பெட்டிகளை வைத்துக் காட்டினால், காய் நிரப்பி, நனைந்த சாக்கும் போட்டுப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

நான் இந்தத் தொழில்நுட்பத்துக்கு எதிரி அல்ல. பொருளுக்கு ஏற்ற அளவில் வைத்தால் இது வயலிலும் நன்றாக வேலை செய்கிறது. அமெரிக்கா, ஆஸ்திரேலியாவில் ஜான் டியர் அறுவடை இயந்திரம் பருத்தியை எடுத்துக்கொண்டே சுமார் 2 டன் எடையுள்ள உருளையாகச் சுற்றி வயலில் இறக்கும். மேலே சுற்றும் பிளாஸ்டிக் உறையிலேயே வில்லைகள் பதிக்கப்பட்டிருக்கும். அரவை ஆலையில் அந்த உருளையைப் பிரிக்கும்போது, எந்த வயலின் எந்தப் பகுதிப் பருத்தி என்று தெரிந்துவிடும். இரண்டு டன் பருத்திக்குச் சில வில்லைகள் என்பதால் கிலோவுக்கு ஒரு பைசாவைக் கணக்கில் காட்டுவதே சிரமம். ஒட்டும் கூலியும் இல்லை.

நம்மூரில் இதற்கு நிகரானது வாழை ஏற்றுமதி. தேனி மாவட்டத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் போகும் ஜி9 வாழைக்குக் குளிர்பதனக் கன்டெய்னரில் 13, 14 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதற்குக் கீழே போனால் தோல் கறுக்கும், மேலே போனால் வழியிலேயே பழுக்கும். வெப்பநிலையைப் பதிந்துகொண்டே போகும் கருவி பல நூறு ரூபாய் என்றாலும், சுமார் 20 டன் பழத்துக்கு ஒன்றிரண்டு போதும். கிலோவுக்குச் சில பைசாதான் ஆகும். பழம் கறுத்து இறங்கினால் யார் பொறுப்பு என்ற தகராறில் அந்தப் பதிவு உங்கள் பக்கத்துச் சாட்சி. இதற்குச் செலவழிக்கத் தயங்காதீர்கள். பதிவின் நகல் உங்களுக்கும் வர வேண்டும் என்பதை மட்டும் முதலிலேயே எழுதி வாங்குங்கள்.

திரும்பி வரும் பொருளிலும் வில்லை நிற்கும். 300, 400 ரூபாய் கொடுத்து வாங்கிய பிளாஸ்டிக் கிரேட் மண்டிக்குப் போய்த் திரும்பாத கதை உங்களில் பலருக்குத் தெரியும். வெயில் மழை தாங்கும் கெட்டியான வில்லை ஒன்று 40 ரூபாய் என்றாலும், கிரேட் 100 நடை போய்வந்தால் நடைக்கு 40 பைசா. எந்த வியாபாரியிடம் எத்தனை கிரேட் தங்கியிருக்கிறது என்பது தெரியும். இருநூறு, முந்நூறு கிரேட் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு நோட்டுப் புத்தகமே போதும். ஐயாயிரம் கிரேட் சுற்றும் நிறுவனம் யோசிக்கலாம்.

கால்நடை வளர்ப்போர் இதில் அதிகம் குழம்புகிறார்கள். உங்கள் மாட்டின் காதில் இருக்கும் மஞ்சள் வில்லையில் 12 இலக்க எண்ணும் பார்கோடும் உண்டு, சிப் கிடையாது. 2019-ல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் கோமாரித் தடுப்பூசி போட்டது, சினை ஊசி போட்டது எல்லாம் அந்த எண்ணின் பேரில்தான் கணினியில் ஏறுகின்றன. "சிப் வைத்த வில்லை வரப்போகிறது, இதெல்லாம் வீண்" என்று சிலர் சொல்வதை நம்பிக் காதுவில்லையைத் தவிர்க்காதீர்கள். பித்த மாட்டு நோய் பரவியபின் ஜப்பான் 2003-ல் மாட்டிறைச்சித் தடமறிதல் சட்டம் கொண்டுவந்தது. அங்கே ஒவ்வொரு மாட்டுக்கும் 10 இலக்க எண். கடையில் இறைச்சி வாங்குகிறவர் அந்த எண்ணைப் போட்டு மாடு பிறந்த பண்ணைவரை பார்க்கலாம். அந்த ஏற்பாட்டின் உயிர் எண்ணிலும் ஒழுங்கான பதிவிலும் இருக்கிறது.

மறுபக்கம் ஆஸ்திரேலியா. அங்கே மாடுகளுக்கு 2005-லிருந்து நாடு முழுவதும் மின்னணு வில்லை. 2025 ஜனவரி 1-க்குப் பின் பிறக்கும் செம்மறி, வெள்ளாடுகளுக்கும் கட்டாயம். அந்த நாட்டில் கோமாரி இல்லை; இறைச்சியில் பெரும்பகுதி ஏற்றுமதி. ஒருமுறை நோய் நுழைந்தால் சந்தையே மூடிவிடும். ஆயிரக்கணக்கான ஆடுகள் ஒரே வேலிக்குள் ஓடும்போது ஒவ்வொன்றின் காதையும் பிடித்து எண் படிக்கவும் முடியாது. ஆகவே அரசுகளும் செலவில் பங்கேற்றன. மூன்று ஆடும் ஒரு கறவையும் வைத்திருக்கும் நம் வீட்டுக் கொட்டகைக்கு அந்தத் தேவை இல்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு: காப்பீடு. 'வில்லை இல்லையேல் இழப்பீடு இல்லை' என்பது கால்நடைக் காப்பீட்டின் நடைமுறை விதி. வேலியில் சிக்கிக் காதுவில்லை அறுந்து விழுந்து, மாடும் இறந்துபோனால் குடும்பம் படும் பாடு கால்நடை உதவி மருத்துவர்களுக்குத் தெரியும். தோலுக்கடியில் ஊசி மூலம் வைக்கும் சிப் அறுந்து விழாது. அது வேறு வகை அலையில் இயங்குவதால் உடம்பில் இருக்கும் நீர் தடையாவதில்லை. இப்கோ டோக்கியோ நிறுவனம் இதை முன்பே நம் நாட்டில் பயன்படுத்தியிருக்கிறது. அறுபதாயிரம் ரூபாய் கறவைக்கு நூறு, நூற்றைம்பது ரூபாய் சிப் பெரிய செலவு அல்ல. ஆனால், பொய்க் கோரிக்கை குறைவதன் லாபம் காப்பீட்டு நிறுவனத்துக்கும் கடன் கொடுத்த வங்கிக்கும் போகிறது. சிப் செலவை அவர்கள் ஏற்கட்டும், அல்லது பிரீமியத்தில் கழிக்கட்டும். அதுவரைக்கும், காதுவில்லை விழுந்த அன்றே கால்நடை மருந்தகத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்து மறுவில்லை போட்டுவிடுங்கள்.

"ஏற்றுமதி என்றால் ஆர்எஃப்ஐடி கட்டாயம்" என்ற பேச்சும் காதில் விழுகிறது. அப்படி ஒரு விதி நம் காய்கனிக்கு இல்லை. ஐரோப்பாவுக்குப் போகும் திராட்சைக்காக அபெடா 2006-ல் கொண்டுவந்த 'கிரேப்நெட்' முறையில் தோட்டப் பதிவு, மருந்துப் பதிவேடு, ஆய்வக எச்சப் பரிசோதனை, பெட்டியில் பார்கோடு என்பவைதான் அடிப்படை. காபி, ரப்பருக்காக ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்திருக்கும் காடழிப்புத் தடுப்புச் சட்டம், அமலாக்கம் தள்ளிக்கொண்டே போனாலும், கேட்பது தோட்டத்தின் புவியிடக் குறிப்பை. ஏற்காடு, நீலகிரி காபிக்காரர்களும் குமரி மாவட்ட ரப்பர்காரர்களும் பட்டா விவரத்தையும் நில எல்லையையும் சரிசெய்து வைப்பது சிப் வாங்குவதைவிட அவசரம். அமெரிக்காவின் புதிய உணவுத் தடமறிதல் விதியும் பதிவேட்டையும் தொகுதி எண்ணையும்தான் கேட்கிறது. எந்தக் கருவியில் பதிய வேண்டும் என்று சொல்லவில்லை.

வேளாண் அலுவலர்களுக்கும் ஒரு வார்த்தை. மானியத்தில் கருவி வருகிறது என்பதற்காக ரீடரை வாங்கவைத்து, அது அலுவலக பீரோவில் தூங்குவதைவிட, பத்து உறுப்பினர்களை மருந்தடித்த தேதியும் அளவும் அறுவடைத் தேதியும் எழுதப் பழக்குவது கடினமான வேலை, ஆனால் பயனுள்ள வேலை. அந்த நோட்டு இருந்தால் நாளைக்கு கியூஆர் கோடோ சிப்போ எதுவும் அதன் மேல் ஏறும்.

எனக்கு உள்ளபடியே ஆதங்கம் ஒன்று உண்டு. தடமறிதல் என்றால் ஏன் எப்போதும் வயலிலிருந்து நகரத்தை நோக்கியே? உழவருக்கு வரும் விதையும் மருந்தும் எங்கிருந்து வந்தன என்று யார் சொல்வது? போலி மருந்தால் ஒரு பூ போனால் நட்டம் முழுக்க நமக்குத்தான். ஒன்றிய அரசு 2023-ல் தொடங்கிய 'சாத்தி' விதைத் தளம் கியூஆர் கோடு மூலம் விதையின் மூலத்தைக் காட்டும் நல்ல முயற்சி. வாங்கும்போது கடையிலேயே செல்போனில் படித்துப் பாருங்கள், ரசீதும் கேளுங்கள். ஒரு லிட்டர் ஆயிரக்கணக்கில் விற்கும் பூச்சிமருந்துக் குப்பியின் மூடியில் 6 ரூபாய் சிப் வைத்தால் விலையில் தெரியவே தெரியாது. வில்லைக்கு வேளாண்மையில் எதிர்காலம் உண்டென்றால், தக்காளிப் பெட்டிக்கு முன்னால் அந்தக் குப்பியில் வரட்டும்.

அண்மையில் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் இயக்குநர்கள், காய்கறி கொள்முதல் நிறுவனம் ஒன்று கொடுத்த ஒப்பந்த நகலைக் காட்டினார்கள். வில்லைச் செலவு விற்பவருடையது. படிக்காத வில்லை உள்ள பெட்டியைத் திருப்பி அனுப்பலாம். தகவல் முழுதும் வாங்குபவருக்குச் சொந்தம். விலையில் ஒரு பைசா கூடுதல் இல்லை. மூன்றாவது நிபந்தனைதான் எனக்கு அதிகம் உறுத்தியது. எந்த ஊரில் எத்தனை ஏக்கர், எந்த வாரம் எவ்வளவு காய் வரும் என்பது வாங்குபவருக்கு முன்கூட்டியே தெரிந்து, உங்களுக்குத் தெரியாவிட்டால், வரத்துக் கூடும் வாரத்தில் பேரம் எப்படிப் போகும்?

அவர்களுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். வில்லையை வாங்குபவர் தரட்டும், நாம் ஒட்டிக் கொடுக்கலாம். ஒட்டுகூலியைக் கிலோ விலையில் சேர்த்து எழுதுங்கள். வில்லை படிக்காவிட்டால் பெட்டியின் எண்ணைக் கையால் பதிந்து எடுத்துக்கொள்ள வேண்டும். காய் நன்றாக இருக்கும்போது ஸ்டிக்கர் கெட்டதற்காகத் திருப்பக் கூடாது. பதிவாகும் தகவலின் நகல் வாரந்தோறும் உங்கள் நிறுவனத்துக்கு வர வேண்டும். ஒருமுறை ஒட்டிக் கிழிக்கும் வகை என்றால், அந்த பிளாஸ்டிக்கும் அலுமினியமும் கழிவுக் காயோடு சேர்ந்து உங்கள் எருக்குழிக்குத் திரும்பி வராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் எழுதச் சொல்லுங்கள். முதல் பருவத்துக்குப் பத்தில் ஒரு பங்குச் சரக்கை மட்டும் இப்படி அனுப்பிப் பார்க்கலாம். அந்த இயக்குநர்கள் இந்தத் திருத்தங்களோடு ஒப்பந்தத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். இன்னும் பதில் வரவில்லை.